சருமம் பேசும் முன்பே வந்த சாட்சிகள்

2016ஆம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள ஓர் அழகுசாதன நிறுவனத்தின் ஊழியர்களுக்கு முதலாளியிடமிருந்து மின்னஞ்சல் ஒன்று வந்தது. செஃபோரா இணையக் கடையில் ஆளுக்கு மூன்று கணக்குகள் தொடங்குங்கள், மூன்றும் வெவ்வேறு ஆட்களின் பெயரில் இருக்கட்டும் என்றது அது. நம் பொருட்களுக்கு எப்போதும் ஐந்து ஸ்டார் போடுங்கள். குறை சொல்லும் ரிவ்யூ கண்ணில் பட்டால் அதன் கீழே உள்ள 'பிடிக்கவில்லை' பொத்தானை அழுத்துங்கள். போதிய பேர் அழுத்திவிட்டால் அந்த ரிவ்யூ எடுக்கப்பட்டுவிடும், நமக்கு விற்பனை ஏறும்.

நிறுவனத்தின் பெயர் சன்டே ரைலி. அதைத் தொடங்கி நடத்துபவரின் பெயரும் அதுவே. அவர்களுடைய 30 மில்லி சீரம் ஒன்று 100 டாலர் அளவுக்கு விற்றது. அவ்வளவு பணம் கொடுத்து வாங்குகிறவர், அதற்கு முன் நாலு பேர் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் வாங்க மாட்டார். அந்த நாலு பேரில் சிலர் அதே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

பொய் ரிவ்யூக்கள் சிலவற்றைச் செஃபோரா நீக்கியது. நம் அலுவலக இணைய இணைப்பின் முகவரியை வைத்துக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று ஊழியர்கள் சந்தேகப்பட்டார்கள். உடனே நிறுவனம் அந்த முகவரியை மறைக்கும் விபிஎன் சேவையை வாங்கியது. உற்சாகமாக எழுதுங்கள், ஆனால் ஏற்பாடு செய்து எழுதியது போலத் தெரியக் கூடாது என்றது ஊழியர்களுக்குப் போன இன்னொரு குறிப்பு. வாடிக்கையாளர் ஒருவர் ஏதேனும் ஒன்று பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தால், அதற்கு நேர்மாறாக ஒரு ரிவ்யூ எழுதவும் சொன்னது. என்னை அதிகம் உறுத்துவது இந்தக் கடைசி வரிதான். முகம் வறண்டு எரிந்தது என்று யாரோ ஒரு பெண் எழுதியிருக்கிறாள் என்றால், அடுத்து வாங்கப் போகிறவள் தப்பித்துக்கொள்ளட்டும் என்றுதான் மெனக்கெட்டு எழுதியிருப்பாள். எனக்கு வறளவே இல்லை என்று அதன் மேல் ஒரு பொய்யை ஒட்டிவைப்பது, அவளுடைய வாயைப் பொத்துவதற்குச் சமம்.

2015 நவம்பரிலிருந்து 2017 ஆகஸ்ட் வரை இது நடந்தது. 2018 அக்டோபரில், முன்னாள் ஊழியர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் ஊழியர்களுக்குப் போன மின்னஞ்சல் ஒன்றை ரெடிட் தளத்தில் போட்டு உடைத்தார். நிறுவனம் மறுக்கவில்லை. போட்டிக் கம்பெனிகளும் எங்கள் பொருட்களைக் குறைசொல்லி எழுதுகின்றன என்று சமாதானம் சொன்னது. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் விசாரித்து 2019 அக்டோபரில் ஓர் உடன்பாட்டை அறிவித்தது. இனி இப்படிச் செய்யக் கூடாது, அவ்வளவுதான். அபராதம் இல்லை. வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பவில்லை. ஐந்து கமிஷனர்களில் ரோஹித் சோப்ராவும் ரெபெக்கா ஸ்லாட்டரும் இது போதாது என்று எதிர்த்து வாக்களித்தார்கள். அவர்கள் இருவர் பக்கம்தான் நியாயம் இருந்தது என்பது என் எண்ணம்.

பொய் ரிவ்யூ எல்லாப் பொருளுக்கும் உண்டு. செல்போன் சார்ஜருக்கு உண்டு, ஓட்டலுக்கு உண்டு. ஆனால் அழகுசாதனப் பொருட்களில் அது வேரூன்றி நிற்பதற்குத் தனியான காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் நம் தோலுக்குள்ளேயே இருக்கிறது.

பிரஷர் குக்கர் வாங்கினால் நல்லதா கெட்டதா என்பது முதல் விசிலில் தெரிந்துவிடும். புடவை சாயம் போகுமா என்பது முதல் அலசலில் தெரியும். வாங்கும் முன்பே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய பொருள், பயன்படுத்திய பிறகே தெரியும் பொருள் என்று 1970இல் பொருளியலாளர் ஃபிலிப் நெல்சன் பிரித்துக் காட்டினார். 1973இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி இருவரும் மூன்றாவதாக ஒரு வகையைச் சேர்த்தார்கள். பயன்படுத்திய பிறகும் வேலை செய்ததா இல்லையா என்று சாதாரண ஆளால் உறுதியாகச் சொல்ல முடியாத பொருள் அது. முழுக்க முழுக்க விற்பவரின் பேச்சை நம்பித்தான் வாங்க வேண்டும். சுருக்கம் போக்கும் கிரீமும், கரும்புள்ளி நீக்கும் சீரமும் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையில்தான் இருக்கின்றன.

நம் மேல்தோலின் அடியடுக்கில் பிறக்கும் ஒரு செல், மெல்ல மெல்ல மேலே தள்ளப்பட்டு, தட்டையாகி, உயிரிழந்து, செதிலாக உதிர்வதற்கு ஏறத்தாழ 4 முதல் 6 வாரம் ஆகும். வயது ஏற ஏற இன்னும் நீளும். தோலின் போக்கையே மாற்றக்கூடிய ரெட்டினாய்டு போன்ற மருந்தைப் போட்டால்கூட, 12 வாரம் பொறுத்துப் பாருங்கள் என்றுதான் தோல் மருத்துவர் சொல்வார். ஆனால் கிரீமைத் தடவிய ஐந்தாவது நிமிடமே முகம் மாறியது போலத் தெரிகிறதே, அது எப்படி? கிளிசரினும் ஹயலுரானிக் அமிலமும் நீரைப் பிடித்துவைத்து மேலடுக்கைக் கொஞ்சம் உப்பவைக்கின்றன. டைமெத்திக்கோன் என்னும் சிலிக்கோன் நுண்ணிய பள்ளங்களை நிரவி வழுவழுப்பாக்குகிறது. இரண்டும் உண்மையான விளைவுதான், ஏமாற்று அல்ல. முகம் கழுவினால் அதில் பெரும்பகுதி போய்விடும், அவ்வளவே. பெட்டி வந்து இரண்டே நாளில் 'சூப்பர்' என்று எழுதுகிறவர், நேர்மையாகவே அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்.

முகப்பரு இன்னும் சிக்கல். பரு கிரீமை நாம் எப்போது வாங்குகிறோம்? முகம் மிக மோசமாக இருக்கும் வாரத்தில். கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள், கன்னத்தில் வரிசையாக நாலு பரு. அப்போதுதான் கை போனுக்குப் போகிறது. பரு தானாக ஏறி இறங்குவது. உச்சத்தில் இருப்பது ஒன்றுமே செய்யாவிட்டாலும் இறங்கத்தான் செய்யும். அந்த இறக்கத்தின் புகழ் எல்லாம் கிரீமுக்குப் போய்ச் சேருகிறது. இதனால்தான் பரு மருந்தைச் சோதிக்கும்போது ஒரு பகுதியினருக்கு மருந்து கலக்காத வெறும் பூச்சைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். வெறும் பூச்சைத் தடவியவர்களிடமும் கணிசமான முன்னேற்றம் தெரியும். மருந்து அதையும் தாண்டிக் காட்டினால்தான் மருந்து. வீட்டில் கண்ணாடி முன் நிற்கும் நமக்கு அந்த ஒப்பீடு கிடையாது.

ஆக, தோல் தன் தீர்ப்பைச் சொல்ல மாதக்கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பணமோ இன்றே கொடுத்தாக வேண்டும். நடுவே இருக்கும் இந்த வெற்றிடத்தில்தான் பொய்ச்சாட்சி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அந்த வெற்றிடம் சில சமயம் உயிர் உறுப்பையே தின்றுவிடுகிறது. கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை சிறுநீரக வடிகட்டிச் சவ்வு கெட்டுப்போன 22 பேரைப் பார்த்தார்கள். அவர்களில் 15 பேருக்கு 'நெல்-1' என்ற புரதத்தோடு தொடர்புள்ள அரிய வகை. வழக்கமான காரணம் எதுவும் பிடிபடாமல் துருவித் துருவிக் கேட்டபோது, அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசிவந்தது தெரிந்தது. சந்தேகம் பாதரசத்தின் மேல் விழுந்தது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாகத் தேவையான டைரோசினேஸ் நொதியைப் பாதரசம் முடக்கும். முகம் சீக்கிரமே வெளுக்கும். இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள் இத்தகைய கிரீம்களில் பாதரசம் சேர்ப்பதைத் தடை செய்திருக்கின்றன.

இப்படி ஒரு கிரீமை வாங்கியவர் மூன்றாவது வாரம் ரிவ்யூ எழுதினால் என்ன எழுதுவார்? ஐந்து ஸ்டார்தான். காசு வாங்காமல், மனசார. கால் வீங்கி, சிறுநீர் நுரைத்து அவர் மருத்துவமனைக்குப் போவது மாதங்கள் கழித்து. அப்போது அந்த ஐந்து ஸ்டாரை யாரும் திரும்பிப் போய் அழிப்பதில்லை. நேர்மையான ரிவ்யூவே இவ்வளவு வழிதவறச் செய்யும் துறையில், பொய்யும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

பொய்யைக் கண்டுபிடிக்க முடியுமா? முதலில் எல்லோரும் எழுத்தில்தான் தேடினார்கள். 2011இல் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைல் ஆட் குழுவினர் சிகாகோ நகரின் 20 ஓட்டல்களை எடுத்துக்கொண்டார்கள். தங்கியவர்கள் எழுதிய 400 ரிவ்யூ ஒரு பக்கம். ஓட்டல் வாசலையே மிதிக்காதவர்களுக்கு ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்து எழுதவைத்த 400 பொய் ரிவ்யூ இன்னொரு பக்கம். இரண்டிலிருந்தும் சிலவற்றை எடுத்துக் கலந்து மூன்று மாணவர்களிடம் கொடுத்தார்கள். மிக நன்றாகச் செய்தவரே 62 சதவீதம்தான் சரியாகச் சொன்னார். மற்ற இருவரும் காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னதற்கு மேல் அதிகம் தேறவில்லை. எல்லாம் மெய்யாக இருக்கும் என்று நம்பும் பக்கம் மனம் சாய்வது இதற்கு ஒரு காரணம். நம்புவது நம் பலவீனம் என்று இதை வைத்து யாரும் சொல்லிவிடக் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா சொன்ன பேச்சை நம்பித்தான் நாம் டாக்டரையும் டியூஷனையும் மாவு மில்லையும் தேர்ந்தெடுத்து வாழ்ந்திருக்கிறோம்.

கணினி நிரல் ஏறத்தாழ 90 சதவீதம் சரியாகப் பிரித்தது. அது பிடித்த அடையாளங்கள் சுவையானவை. நிஜமாகத் தங்கியவர்கள் குளியலறை, எத்தனையாவது மாடி, அறை சிறியது என்று இடத்தைப் பற்றிப் பேசினார்கள். பொய் எழுதியவர்கள் 'நான்', 'என் கணவர்', 'விடுமுறை' என்று தங்களைப் பற்றி அதிகம் பேசினார்கள். போகாத இடத்தின் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தெரியாதவருக்குச் சொல்வதற்கு உணர்ச்சி மட்டும்தானே மிச்சம்.

ஆனால் இந்த வெற்றி நீடிக்கவில்லை. 2013இல் அர்ஜுன் முகர்ஜியும் பிங் லியுவும் மற்றவர்களும் அதே முறையை யெல்ப் என்னும் ரிவ்யூ தளம் உண்மையில் பொய் என்று ஒதுக்கிய ரிவ்யூக்கள் மேல் போட்டுப் பார்த்தபோது துல்லியம் 67.8 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ஒரு டாலருக்கு எழுதுகிறவர் வேறு, தொழிலாகவே எழுதுகிறவர் வேறு. சன்டே ரைலி ஊழியர்களையும் எண்ணிப் பாருங்கள். அவர்கள் அந்தக் கிரீமைக் கையில் தொட்டவர்கள். பிசுபிசுப்பு, வாசனை, மூடி திறக்கும் விதம் எல்லாம் அவர்களுக்கு அத்துபடி. குளியலறைக் குழாய் எந்தப் பக்கம் என்று தெரிந்த பொய்யர்கள் அவர்கள். வார்த்தையை மட்டும் பார்த்து அவர்களைப் பிடிப்பது பெரும்பாடு. இன்று செயற்கை நுண்ணறிவு மென்பொருள் அந்தக் குழாயையும் கேட்ட மாத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறது.

எனவே ஆய்வாளர்கள் எழுத்தை விட்டுவிட்டு எழுதியவர்களின் பின்னால் போனார்கள். எனக்கு இந்தத் திருப்பம்தான் இதில் மிகவும் பிடித்த பகுதி. நம் ஊர்ப்பக்கம் கல்யாண வீட்டு மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டை மட்டும் பார்த்தால் வெறும் பெயரும் தொகையும். நாலு வீட்டு மொய் நோட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், யார் யாருக்குச் சொந்தம், யார் யாருக்குச் செய்ய வேண்டிய கடன் இருக்கிறது என்று முழு ஊரே தெரிந்துவிடும். ஒரு முகப்பூச்சு, ஒரு ஹெட்போன், ஒரு நாய்ப் பட்டை. மூன்றுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் மூன்றுக்கும் ரிவ்யூ எழுதியவர்களில் அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்றால், அந்த மொய்யை எழுதவைத்தது ஒரே சந்தை.

ஷெர்ரி ஹீ, பிரெட் ஹோலன்பெக், டேவிட் ப்ரோசர்பியோ ஆகியோர் அந்தச் சந்தைக்குள்ளேயே போய் உட்கார்ந்தார்கள். ஃபேஸ்புக்கில் அமேசான் விற்பனையாளர்கள் ஆள் பிடிக்கும் குழுக்களை 2019, 2020இல் மாதக்கணக்கில் கவனித்து, ரிவ்யூ வாங்கிய சுமார் 1,500 பொருட்களைப் பட்டியலிட்டார்கள். நடைமுறை எளிது. பொருளை முழு விலை கொடுத்து வாங்க வேண்டும். ஐந்து ஸ்டார் போட வேண்டும். பிறகு பணம் வேறு வழியாகத் திரும்ப வந்துவிடும். வாங்கியது நிஜம் என்பதால் 'வாங்கியவர்' என்ற முத்திரையும் நிஜமாகவே விழும். நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் முத்திரை அது.

பொய் ரிவ்யூ வந்ததும் விற்பனை ஏறியது. விற்பனையாளர்கள் பொய் ரிவ்யூ வாங்குவதை நிறுத்தியதும் ஒரு ஸ்டார் ரிவ்யூக்களின் பங்கு கூடியது. ஏமாந்தவர்கள் அப்போதுதான் பேச ஆரம்பித்தார்கள் என்று அதற்குப் பொருள். அமேசான் அந்தப் பொய் ரிவ்யூக்களில் ஏறக்குறைய பாதியை நீக்கவும் செய்தது, ஆனால் சராசரியாக 100 நாட்களுக்கு மேல் கழித்து. 100 நாளில் மேல்தோல் இரண்டு மூன்று முறை புதிதாகிவிடும். பொய் நீக்கப்படுவதற்குள் வாங்கியவளின் பழைய தோலே உதிர்ந்து போயிருக்கும்.

சட்டம் மெல்லத்தான் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் பொய் ரிவ்யூ எழுதுவதையும் விற்பதையும் வாங்குவதையும் தடை செய்யும் விதி 2024 அக்டோபர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. தெரிந்தே மீறினால் ஒரு மீறலுக்கு 51,744 டாலர் வரை அபராதம் என்று அப்போது இருந்தது. கணினி எழுதிய பொய்யும் அதில் அடங்கும். இந்தியாவில் தரநிர்ணய அமைப்பு ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை 2022 நவம்பரில் வெளியிட்டது. ரிவ்யூ எழுதுகிறவர் உண்மையான ஆள்தானா என்று எப்படிச் சரிபார்ப்பது, எதை வெளியிடுவது என்றெல்லாம் அது சொல்கிறது. ஆனால் விருப்பப்பட்டால் பின்பற்றலாம் என்ற அளவில்தான் அது வந்தது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதல் முறை 10 லட்சம் ரூபாய், அடுத்த முறை 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. முகத்தில் பூசும் பொருளின் ரிவ்யூவைச் சரிபார்ப்பது கடையின் விருப்பத்துக்கு விடப்பட வேண்டிய காரியமே அல்ல என்று நான் நினைக்கிறேன்.

இதெல்லாம் எங்கோ நடப்பது போல எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியதுண்டு. போன வருஷம் திருச்சியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அக்கா மகளுக்கு ஒரு பார்சல் வந்தது. கரும்புள்ளிக்கான சீரம். அட்டைப்பெட்டிக்குள் புட்டியைச் சுற்றிய குமிழ் பிளாஸ்டிக், அதற்கு அடியில் விசிட்டிங் கார்டு அளவில் வழவழப்பான ஒரு சீட்டு. ஐந்து ஸ்டார் போட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து இந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினால் 100 ரூபாய் கேஷ்பேக் என்று அதில் அச்சிட்டிருந்தது. ஐந்து ஸ்டாரும் தங்க நிறத்தில் மேடாக, விரலால் தடவினால் தட்டுப்பட்டது. புட்டியின் சீல் இன்னும் பிரிக்கப்படவில்லை.

"சித்தி, எல்லாரும் போடுவாங்க. நூறு ரூபா வந்தா இது முந்நூறு ரூபாய்க்குக் கிடைச்ச மாதிரி" என்றாள்.

"நீ இதை வாங்கும்போது எதைப் பார்த்து வாங்கினே?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. போனை எடுத்து, தான் நம்பி வாங்கிய அதே ரிவ்யூக்களைத் திரும்ப மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனாள். 'என் கணவருக்கே ஆச்சரியம்', 'நான் அழுதுவிட்டேன்', 'வாழ்க்கையே மாறிவிட்டது'. ஒரே வாரத்தில் நாற்பதுக்கு மேல். புட்டியின் வாய் எப்படி இருக்கும், ஒரு நாளைக்கு எத்தனை சொட்டு வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. "இவங்களுக்கெல்லாம் இந்தச் சீட்டு வந்திருக்கும், இல்ல சித்தி?" என்றாள். அந்தச் சீட்டைக் கிழிக்கவில்லை. படம் எடுத்து, நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் செய்தாள். பிறகு சீலைப் பிரித்தாள்.

ரிவ்யூ எழுதுவது பெரும்பாலும் ரொம்பப் பிடித்தவர்களும் ரொம்பக் கோபப்பட்டவர்களும்தான். நடுவில் இருப்பவர்கள் எழுதுவதில்லை. பல பொருட்களில் ஐந்து ஸ்டார் கம்பி உயரமாகவும், ஒரு ஸ்டார் கம்பி சற்றுத் தூக்கலாகவும், நடுவில் பள்ளமாகவும் இருப்பது இதனால்தான். அந்தப் பள்ளத்திலிருந்து எழுதுகிறவர்களை நான் தேடிப் படிக்கிறேன். தேதியைப் பார்க்கிறேன். வாங்கி இரண்டு மூன்று மாதம் ஆனபின் எழுதியவர் கிடைத்தால் அவருடைய ஒரு வரியை முன்னால் வந்த நூறு வரிகளுக்கு மேலாக மதிக்கிறேன்.

பத்து வாரம் கழித்து அவள் தான் எழுதியதை எனக்கு அனுப்பினாள். மூன்று ஸ்டார். 'இரவில் மட்டும் நான்கு சொட்டு போட்டேன். ரப்பர் குழாய் அடி வரை எட்டவில்லை, கடைசிக் கால் பங்கைக் கவிழ்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. முதல் வாரம் மூக்கோரம் எரிந்தது, பிறகு இல்லை. புதுப் புள்ளிகள் கொஞ்சம் மங்கின. இரண்டு வருஷப் பழைய புள்ளி அப்படியேதான் இருக்கிறது. இடையில் வெயிலுக்கு சன்ஸ்கிரீனும் போட்டேன், எது வேலை செய்தது என்று எனக்குத் தெரியாது.'

விற்பவரிடமிருந்து அன்று மாலையே வாட்ஸ்அப் வந்தது. ஐந்தாக மாற்றினால் 200 ரூபாய். அவள் பதில் அனுப்பவில்லை. அந்த ரிவ்யூவின் கீழே 'உதவியாக இருந்தது' என்று இதுவரை ஏழு பேர் அழுத்தியிருக்கிறார்கள்.